எந்த ரோட்டுலம்மா ஓட்டுவீங்க?

"சார் வரலைங்களா?" என்பதுதான் திருச்சியில் அந்த டயர் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய், ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, பின் டயர் மொட்டையாகப் போகிறது, முன் டயரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகு கேட்கப்பட்ட கேள்வி. கேட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. இவ்வளவு உயரமான வண்டி என்றால் அதற்குப் பின்னால் ஒரு சார் இருப்பார் என்பது அவனுடைய அனுபவம். இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. "சார் யாரும் இல்லப்பா, வண்டி என்னுது" என்றேன்.

இரண்டாவது கேள்வியைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். "எந்த ரோட்டுலம்மா ஓட்டுவீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லா ரோட்டுலயும்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எல்லா ரோட்டுக்கும் ஒரே டயர் கிடையாதும்மா. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். மழைக்கு முன்னாடி யோசிச்சிட்டு வாங்க" என்றார். நான் யாரையோ கேட்டுக்கொண்டு வரப் போகிறேன் என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். கேட்கத்தான் போனேன், என்னையே.

என் வண்டி எக்ஸ்பல்ஸ் 200. டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். தார்ச்சாலையிலும் ஓடும், சாலை முடிந்த பிறகும் ஓடும். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. சீட்டின் உயரம் 820 மில்லிமீட்டரைத் தாண்டும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள எனக்கு நிறுத்தும்போது ஒரு கால் நுனி மட்டும்தான் தரையில் படும். நாற்பது வயதைத் தாண்டிய தமிழ் விரிவுரையாளருக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. ஒப்பாரிப் பாட்டுகளும் நடவுப் பாட்டுகளும் சேகரிக்கப் போகிறேன், அந்தப் பாட்டிகள் இருக்கும் ஊர்களுக்குப் பேருந்து போவதில்லை என்பதுதான் நான் வழக்கமாகச் சொல்லும் பதில். அது உண்மைதான். ஆனால் கொஞ்சம் மரியாதையான உண்மை. பிடித்திருந்தது, வாங்கினேன் என்று ஒரு பெண் சொன்னால் போதுமானதாக இருப்பதில்லை.

இப்படிப்பட்ட வண்டிக்கு டயர் தேர்ந்தெடுப்பது ஏன் இத்தனை யோசனை பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். தார்ச்சாலை டயரில் ரப்பர் பரப்பு அதிகம், பள்ளம் குறைவு. ரோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும், நீண்ட நாள் உழைக்கும். சேற்றில் இறங்கினால் பள்ளங்கள் அடைத்துக்கொண்டு சறுக்கும். மண்பாதை டயர் இதற்கு நேர்மாறு. கட்டை கட்டையாக ரப்பர் முளைத்திருக்கும். நம் ஊரில் பட்டன் டயர் என்போம். பட்டன்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி சேற்றைக் கடித்து இழுக்கும், சுற்றும்போதே சேற்றை உதறியும் விடும். ஆனால் தாரில் அந்த இடைவெளிதான் எதிரி. ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. பட்டன்கள் வளைந்து கொடுப்பதால் திருப்பத்தில் வண்டி நெளிகிறது, இரைச்சல் போடுகிறது, சீக்கிரம் தேய்கிறது. ஈரத் தாரில் பிரேக் அடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவில் 80/20, 50/50 என்று விகிதம் சொல்லி விற்கிறார்கள். முதல் எண் தாருக்கு, இரண்டாவது எண் மண்ணுக்கு. டயர்க் கம்பெனிக்காரன் நம்மிடம் கேட்பதும் பெரியவர் கேட்ட அதே கேள்விதான். உன் வாழ்க்கையில் எத்தனை சதவீதம் தார், எத்தனை சதவீதம் மண்?

போன வருடம் இந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தேன். வீடியோக்களில் பார்த்த பெண்கள் எல்லாரும் முரட்டுப் பட்டன் டயர் போட்டு மலையேறினார்கள். எனக்கும் அதுதான் வேண்டும் என்று கேட்டு மாட்டினேன். மலை ஏறுவதற்காக இல்லை. கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது அந்த டயர் எனக்காகக் கொஞ்சம் பேசும் என்று நினைத்தேன். பெண் ஓட்டினால் மெதுவாகத்தான் போவாள், தார் ரோட்டில்தான் போவாள் என்று நினைப்பவர்களுக்கான பதிலாக அதை மாட்டினேன். யாருக்கோ பதில் சொல்வதற்காக வாங்கிய பொருள் அது.

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்த முதல் மழையில் கீரனூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். முதல் மழையில் ரோட்டில் படிந்திருக்கும் தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து வழவழவென்று ஆகிவிடும். முன்னால் போன பேருந்து நின்றது. நானும் பிரேக் அடித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நழுவியது. வேகம் அதிகமில்லை. ஜாக்கெட்டின் கை கிழிந்து முழங்கை தேய்ந்தது, அவ்வளவுதான். எழுப்பிவிட்டவர்கள் முதலில் வண்டியைத்தான் நிமிர்த்தினார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கட்டைப் பார்த்துக் கேட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்குக் கேட்டது. எத்தனை மாணவிகளின் அம்மாக்கள், எத்தனை பக்கத்து வீட்டு அக்காக்கள் இதே வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எதை மறைக்கச் சொன்னார்களோ அது வேறு. ஆனால் நானும் காயத்தைவிட அதற்குப் பின் வரப்போகும் பேச்சுக்குத்தான் பயந்தேன். எங்கள் துறையில் ஓர் ஆண் பேராசிரியர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருந்தார். எல்லாரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனோம். வண்டியை விற்றுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் முழங்கைக் காயம் தெரிந்திருந்தால் அன்று மாலைக்குள் என் வண்டிக்கு விலை பேசியிருப்பார்கள். விழுந்ததற்குக் காரணம் டயர் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். காரணம் நான் என்று ஆகியிருக்கும். என் காரணத்தால் எல்லாப் பெண்களும் என்று ஆகியிருக்கும்.

தாரில் ஓடி ஓடி, ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் பின் டயரின் நடுப்பட்டன்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. அப்படித்தான் திருச்சிக் கடைக்குப் போனேன்.

பெரியவரின் கேள்விக்குச் சரியான பதில் தேட ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நாற்பது நாள். போன தூரம், அதில் எவ்வளவு தார், எவ்வளவு செம்மண்ணும் சரளையும், எவ்வளவு மணல். கூடவே, போக நினைத்து ஒத்திப்போட்ட இடங்களையும் குறித்தேன். நாற்பது நாள் முடிவில் 1,240 கிலோமீட்டர். தார் 1,010. செம்மண், சரளை 190. மணல் 40. நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் தார்தான். வீட்டிலிருந்து கல்லூரி 22 கிலோமீட்டர், திரும்பி 22. என் வாழ்க்கை அந்தக் கோட்டில்தான் பெரும்பாலும் ஓடியிருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கணக்குப்படி பார்த்தால் 80/20 டயர் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுக்கோட்டை வீட்டில் அம்மா அந்த நோட்டை எடுத்துப் படித்தார். அம்மாவுக்கு எந்த எழுத்தையும் படிக்காமல் விட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இந்த 'போகல'ன்னு எழுதியிருக்கியே, அஞ்சு இடம், ஏன் போகல?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்று, காய்ச்சல். ஒன்று, தேர்வுப் பணி. மற்ற மூன்றும் ஒரே காரணம். தைலமரக் காட்டுக்குள் போகிற பாதை, திரும்பும்போது இருட்டிவிடும், தனியாக இருக்கும்போது பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

என் வண்டியில் கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப். ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், கடை வரை ஓட்டிப் போய்விடலாம். ட்யூபில் ஏறினால் சில நிமிடத்தில் மொத்தமும் போய்விடும். சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்து, ட்யூபை வெளியே எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரிந்தவர் ஒருவர் வர வேண்டும், அவர் ஆணாக இருப்பார், அது காடாக இருக்கும். அந்த நினைப்பிலேயே மூன்று ஊர்கள் என் கணக்கிலிருந்து கழிந்துபோயிருந்தன. அப்படியானால் அந்த எண்பது சதவீதம் முழுக்க என் விருப்பமல்ல. அதில் ஒரு பங்கு பயம்.

"காத்து போயிடும்னு போகலயா?" என்று அம்மா கேட்டார். கேட்ட விதத்தில் எனக்குப் பழைய விஷயம் நினைவுக்கு வந்தது.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் நாளன்று சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முப்பதைத் தாண்டிய வயதில் சைக்கிள் கற்று, மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு குடியிருப்புக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்.

அப்பா தடுக்கவில்லை. கலெக்டரே சொல்லியிருக்கும்போது எப்படித் தடுப்பது? ஆனால் சில மாலைகளில் சைக்கிளில் காற்று இருக்காது. முதலில் முள் என்று நினைத்தார்கள். பிறகு ஒருநாள் திண்ணையிலிருந்து நானே பார்த்தேன். அப்பா குனிந்து வால்வைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அறுவடைக் கூலியில் ஒரு கைப்பம்பு வாங்கினார். அப்பா அடுத்து வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரப்பரை, வால் டியூபை, உருவி எடுத்துப் போனார். அது இல்லாவிட்டால் எத்தனை அடித்தாலும் காற்று நிற்காது. அம்மா சைக்கிள் கடையில் ஒரு முழம் வால் டியூப் வாங்கிவந்து, விரல் நீளத்துக்கு வெட்டி வெட்டிச் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அப்பா போகவில்லை. இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை என்று அம்மா சொல்கிறார்.

அப்பா கெட்டவரில்லை. அம்மாவை அடித்ததில்லை, திட்டியதுகூட அபூர்வம். காற்றை மட்டும் இறக்கிவிட்டார். இதை எழுத அவர் போகும்வரை காத்திருந்தேன் என்பதும் உண்மை.

அம்மா எந்த ரோட்டில் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போனார். ஆனால் போவதற்கு முன்னால் காற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். நான் டயரின் விகிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

எங்கள் தெரு முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்குங்க இந்த அழுக்கு?" என்றார். கூலி தருகிறேன் என்றதும் சங்கடப்பட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். வண்டியைக் கட்டை வைத்து நிறுத்துவது, ஆக்சில் நட்டைக் கழற்றுவது, டயரின் ஓரத்தை மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளுவது. அப்படித் தள்ளினால்தான் எதிர்ப்பக்கம் லிவர் போட இடம் கிடைக்கும். இதற்குப் பலம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். பலத்தைவிட முறைதான் முக்கியம். முதல்முறை ஒன்றரை மணி நேரம் ஆனது, மாட்டும்போது லிவர் நுனியால் புது ட்யூபையே கடித்து ஓட்டையாக்கினேன். நான்காவது வாரம் நாற்பது நிமிடம். "இப்ப யாரும் வேணாம்க்கா உங்களுக்கு" என்றார் அண்ணன். இப்போது என் பையில் இரண்டு லிவர், ஒட்டும் பட்டை, பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு, 21 அங்குல ட்யூப் ஒன்று இருக்கின்றன. அவசரத்துக்கு அந்த ட்யூபைப் பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம்.

அதன் பிறகு டயர் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது. பின் சக்கரம்தான் இழுக்கிறது, அதனால் அதுதான் வேகமாகத் தேய்கிறது. என் தினசரி 44 கிலோமீட்டரையும் ஈரத் தாரையும் சுமப்பது அதுதான். அதற்கு 80/20. முன் சக்கரம் வழி காட்டுகிறது. மணலிலும் சேற்றிலும் முன் சக்கரம் நழுவினால் மீட்பது கஷ்டம், பின் சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அதனால் முன்னால் 50/50. முன்னும் பின்னும் வேறுவேறாகப் போட்டு ஓட்டும் வழக்கம் இந்த வகை வண்டிக்காரர்களிடம் உண்டு. பின் டயர் நான் இருக்கும் வாழ்க்கைக்கு, முன் டயர் போக நினைக்கும் ஊர்களுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருச்சிக் கடைக்கு மறுபடி போனபோது அந்தப் பையன் சாரைத் தேடவில்லை. டயரைக் கொண்டுவந்து வைத்ததும் பக்கவாட்டைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். 90/90-21 என்றால் அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், சக்கரம் 21 அங்குலம். அடுத்து வரும் 54 என்பது பாரத்துக்கான குறி, 212 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்து வேகத்துக்கு. பி என்றால் 150 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. நான் தேடியது நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பின் டயர் நான்கு வருடத்துக்கு முந்தியது. ரப்பர் விற்காமல் கிடந்தாலும் இறுகும். "வேற குடுங்க" என்றேன். "எல்லாம் புதுசுதான் மேடம்" என்றான். எண்ணைக் காட்டினேன். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்துவரச் சொன்னார். அம்மா அரிசிக் கடையில் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "இது பழசுல்ல" என்பார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. டயரில் செய்தால் மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று மாட்டும்போதே பார்த்துக்கொண்டேன். புது டயரின் மேல்தோல் வழுக்கும் என்பதால் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் பதமாக ஓட்டினேன். பிறகு, போகாமல் விட்ட மூன்று ஊர்களில் ஒன்றுக்குக் கிளம்பினேன். வெள்ளாற்றைத் தாண்டிப் போக வேண்டும். தண்ணீர் இல்லை, முழுக்க மணல்.

மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் கொஞ்சம் தட்டையாகி அதிக இடத்தில் பதியும், புதையாது. ரொம்பவும் குறைத்தால் கல்லில் மோதி ரிம் அடிபடும். முன் சக்கரத்தில் 25 இருந்தது. அதை 18க்குக் கொண்டுவரக் குனிந்து, வால்வின் நடு ஊசியை நகத்தால் அழுத்தினேன்.

உஸ்ஸென்று வந்தது. திண்ணையில் கேட்ட அதே சத்தம். ஒரு நொடி கையை எடுத்துவிட்டேன்.

பிறகு மறுபடி அழுத்தினேன். அளவுமானியை வைத்துப் பார்த்தேன், 18. பின் சக்கரத்துக்குப் போனேன். மணலில் வண்டி இரண்டு முறை நெளிந்தது, விழவில்லை. அக்கரையில் ஏறி, பாட்டி வீட்டைக் கண்டுபிடித்து, மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டேன். "ஒத்தையிலயா வந்த தாயி?" என்று பாட்டி கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. தார்ச்சாலையில் ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் பம்பை மாட்டி, இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்துக்கொண்டு வீடு வந்தேன்.